பதினெட்டாவது சீட்டு

ஊருக்கு ஒரு கதை இருக்கும், எங்க அருப்புக்கோட்டை வேம்படித் தெருவுக்கு ஒரு வேன் இருக்கு. டீசல் இல்லாம அது ஓடுச்சுன்னு சொன்னா நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க பங்க்குல போய் வரிசையில நில்லுங்க, எனக்கு ஒண்ணும் நட்டமில்ல. நான் தனபாக்கியம். அந்த வேன் நிக்கிற வீட்டுக்கு நேர் எதிர்க்க மாவு மில்லு வச்சிருக்கேன். பதிமூணு வருசமா அது கெளம்புறதையும் திரும்புறதையும் அரிசி மாவு படிஞ்ச கண்ணால பாத்துக்கிட்டே இருந்தவ, எனக்குத் தெரியாம அதுல ஒரு டயரு உருண்டதில்ல.

வேன் பாத்திரக்கடை சௌந்தரபாண்டி அண்ணாச்சியோடது. அண்ணன் தம்பி மூணு பேரு, அவங்க பொண்டாட்டிமாரு மூணு பேரு, பிள்ளைக, கட்டிக்குடுத்த பொண்ணு, அவ புருசன், அவ இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு எண்ணிப் பாத்தா அந்தக் குடும்பம் பதினெட்டு உருப்படி. ஆளுக்கொரு பைக்கு வாங்குனா ஆளுக்கொரு தெசையில போயிருவாங்க, ஒரே வண்டியா வாங்குனா ஒண்ணாத்தான் போயாகணும்னு அண்ணாச்சி ஒரு யோசனை பண்ணி, பதினெட்டு சீட்டு வச்ச வேனா பாத்து, வெண்ணெய் நிறத்துல வாங்கி, முன்னாடி 'எல்லாரும் வாங்க'ன்னும் பின்னாடி 'போயிட்டு வாரோம்'னும் பெயிண்டரை விட்டுப் பெருசா எழுதச் சொன்னாரு.

எல்லாரும்னு எழுதுனாரே ஒழிய, எல்லாரும் ஏறல. அண்ணாச்சி சம்சாரம் பூரணம் ஏறல. ஏன்னா அந்த வீட்டுக்குப் பூட்டே கெடையாது. ஆளிருக்கிற வீட்டுக்கு எதுக்குப் பூட்டுன்னு அவங்க மாமனாரு காலத்துலயே முடிவு பண்ணிட்டாங்க, அந்த 'ஆளு' யாருன்னுதான் அப்ப முடிவு பண்ணல, பூரணம் மருமகளா வந்ததும் அது தானா முடிவாயிருச்சு. கல்யாணமோ காதுகுத்தோ குலசாமி கும்பிடோ, விடியக் கருக்கல்ல எந்திரிச்சுப் புளியோதரை கெளறி, தூக்குச்சட்டியில அமுக்கி, பிள்ளைகளுக்குத் தலை சீவி, பதினேழு பேரையும் ஏத்திவிட்டு, வாசப்படியில நின்னு ஈரக்கையை முந்தானையில தொடச்சுக்கிட்டே "நல்லபடியா போயிட்டு வாங்க"ன்னு சொல்லுவா. காலியா இருக்கிற பதினெட்டாவது சீட்டுல, ஜன்னலோரமா, அந்தத் தூக்குச்சட்டி உக்காந்து காத்து வாங்கிக்கிட்டுப் போகும். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே தலையை வெளிய நீட்டி, "அடுத்த வாட்டி நீயும் வா பூரணம்"பாரு. மனசாரத்தான் சொல்லுவாரு, அவரு ஒண்ணும் கெட்ட மனுசன் இல்ல, அடுத்த வாட்டிங்கிறது என்னைக்கு வரும்னு மட்டும் அவருக்கும் தெரியாது.

வருசத்துக்கு ரெண்டு தரம் அவங்க திருச்செந்தூருக்குப் போவாங்க. மூணு மணி நேர ஓட்டம். பூரணம் கடல் பாத்ததில்ல. மூணு மணி நேரத் தொலவுல கடலை வச்சுக்கிட்டு நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் பாக்காம ஒருத்தி இருந்தான்னா யாருக்கு வெக்கம், சொல்லுங்க. அவங்க திரும்பி வந்ததும் வேனைக் கூட்டிப் பெருக்குறதும் அவதான். செருப்புல ஒட்டிக்கிட்டு வந்த மணலை மட்டும் குப்பையில போடமாட்டா, ஒரு பாட்டில்ல போட்டு அடுப்படித் தட்டுல உப்புச் சாடிக்குப் பின்னாடி வச்சுக்குவா. பதிமூணு வருசத்துல அரை பாட்டில் கடற்கரை சேந்திருந்துச்சு. எனக்கு மட்டுந்தான் காட்டியிருக்கா.

அப்படி இருக்கையிலதான் டீசல் விலை ஏற ஆரம்பிச்சுச்சு. பால் பாக்கெட்டு வர்றதுக்கு முன்னாடி விலை வந்துரும், நேத்து வெலையில இன்னைக்குப் போட முடியாது, இன்னைக்கு வெலையில நாளைக்குப் போட முடியாது, வேனோ ஆனைப் பசி பசிக்கிற வண்டி, சாவியைக் காட்டுனாலே முள்ளு கீழ எறங்கும். மொதல்ல ஊருக்குப் போறதை நிறுத்துனாங்க, பெறகு கடைக்குப் போறதை நிறுத்துனாங்க, வேன் வேம்படியில நின்ன எடத்துலயே நின்னுச்சு. அதுக்கடியில ஆடு படுத்துச்சு, அதுக்கு மேல நான் வத்தல் காயப்போட்டேன், பொய் சொல்லுவானேன். கடைசியில நடுத்தம்பி கதிரேசன் வாயைத் தெறந்து, "அண்ணே, இதைக் கட்டிவச்சுத் தீனி போட நம்மால ஆகாது, வித்துருவோம்"னு சொல்லிட்டாரு. மதுரையிலருந்து ஒருத்தர் வந்து பாத்தாரு. சீட்டையெல்லாம் கழட்டிட்டுப் பரோட்டாக் கல்லு போட்டு நடமாடும் ஓட்டலாக்கப் போறதாச் சொன்னாரு. ஆடி பொறக்கப் போகுது, ஆடியில வேண்டாம், ஆவணி ஒண்ணாந்தேதி வந்து எடுத்துக்கிறேன்னு அட்வான்ஸு குடுத்துட்டுப் போனாரு.

அன்னைக்குப் பூரணம் அரிசி அரைக்க வந்தவ, மில்லு ஓடுற சத்தத்துல யாருக்கும் கேக்காதுங்கிற தைரியத்துல சொன்னா. "வண்டி போனாப் போகட்டும் தனமக்கா. அதோட என் அடுத்த வாட்டியும்ல போயிரும்?"

மில்லை நிறுத்திட்டு, "அடி போடி, கடல் எங்கயும் போயிராது"ன்னேன். "கடல் போகாதுக்கா, நான்தான் போகமாட்டேன்"னு சொல்லிச் சிரிச்சுட்டு மாவைத் தூக்கிட்டுப் போயிட்டா.

ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்துல கோவில்பட்டியில ஒரு கல்யாணம். விக்கப்போற வண்டிதான, கடைசியா ஒரு தரம் போயிருவோம்னு பதினேழு பேரும் ஏறுனாங்க. வழக்கம்போல பூரணம் வாசல்ல நின்னா, ஆனா கடைசித் தரம்ங்கிறதால அன்னைக்கு அவ குரல் கொஞ்சம் நடுங்குச்சு. "நல்லபடியா போயிட்டு வாங்க." வேன் போச்சு, கல்யாணம் பாத்துச்சு, பந்தியில ரெண்டாந்தரம் பாயாசம் வாங்கிக் குடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னுச்சு, சாயங்காலம் திரும்பி வந்து வேம்படியில நின்னுச்சு. எறங்கும்போதுதான் அண்ணாச்சி கேட்டாரு, "கதிரேசா, டீசல் எவ்வளவுக்குப் போட்ட?"

"நான் எங்க போட்டேன், நீங்கதான போட்டீங்க?"

"நான் போடலியே. நீ போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நானும் நெனச்சேன்."

மெக்கானிக் செபஸ்தியானைக் கூப்பிட்டு விட்டாங்க. அவரு டேங்கைத் தெறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்து, மோந்து பாத்து, "இதுக்குள்ள அப்பளம் காயப்போடலாம் அண்ணாச்சி"ன்னாரு. ஒரு சொட்டு இல்ல. அதுக்கு யாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கல. எங்க தெருவுல வாயைப் பொளக்குற அளவுக்கு யாருக்கும் நேரமில்ல. "அந்தக் காலத்து எஞ்சினு, அதான் இழுக்குது"ன்னு ஒருத்தர் சொன்னாரு, "வேம்படியில நின்ன வண்டில்ல, சும்மாவா"ன்னு இன்னொருத்தர் சொன்னாரு, செபஸ்தியான் மட்டும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாரு.

மறுநா காலையில அண்ணாச்சி கமுக்கமா வண்டியை எடுத்துப் பாத்தாரு. வண்டி மூச்சு விடல. திருப்புறாரு, திருப்புறாரு, சாவிதான் தேயுது. உள்ள தோசை ஊத்திக்கிட்டிருந்த பூரணம் சத்தங் கேட்டு, "சொல்லாமக் கொள்ளாம எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க? சரி சரி, போயிட்டு வாங்க"ன்னு அடுப்படியிலருந்தே கத்துனா. அவ்வளவுதான். வேன் உறுமிக்கிட்டு எந்திரிச்சுச்சு. அண்ணாச்சி கடை வரைக்கும் போயி, கடை வாசல்ல ஒரு சுத்து சுத்தி, திரும்பி வந்து, வேம்பைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. பக்கத்துல பூரணம் நின்னா, அவளைக் கும்பிடணும்னு அவருக்குத் தோணல.

எதுக்கும் இருக்கட்டும்னு செபஸ்தியான் ரெண்டு லிட்டர் டீசல் வாங்கியாந்து ஊத்திப் பாத்தாரு. வண்டி ரெண்டு தரம் இருமிட்டு ஊத்துனதை அப்படியே தரையில விட்டுருச்சு. "ருசி கண்ட பூனை அண்ணாச்சி, இனிமே இது டீசலைத் தொடாது"ன்னுட்டாரு.

பெறகு என்ன, தெருவே சேந்து அந்த வண்டியோட குணத்தைப் படிக்க ஆரம்பிச்சோம். போறேன்னு சொல்லாதே, போயிட்டு வாரேன்னு சொல்லுன்னு நாக்கு மொளைச்ச நாள்லருந்து நம்மளைத் திட்டி வளத்தாங்கள்ல, அது ஏன்னு வேன்தான் எங்களுக்கு விளங்க வச்சுச்சு. கதிரேசனோட மாப்பிள்ளைக்கு ஆடி விருந்துல ஈரல் கறி பத்தல. மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு, "நான் போறேன்"னு ஒத்தைச் சொல்லுல சொல்லிட்டு ஏறுனாரு. வேன் பரமக்குடியில அவரு வீட்டு வாசல்ல கொண்டுபோய் விட்டுச்சு, விட்டதோட சரி. போறதுக்குத்தான் சொன்னாரு, வர்றதுக்குச் சொல்லலியே! ஓட்டிட்டுப் போன அண்ணாச்சி சம்பந்தி வீட்டுல மூணு நாளு இட்லி தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாரு. கடைசியில மாப்பிள்ளையே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்து, எங்க தெரு முழுக்க வேடிக்கை பாக்க, வாசப்படியில நின்னு "அத்தை, போயிட்டு வாரேன்"னு ஒழுங்கா ஒரு தரம் சொன்னாரு. இங்க இவரு சொல்ல, அங்க பரமக்குடியில வண்டி உறும, சம்பந்தியம்மா கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டுட்டாங்களாம்.

அடுத்தது தபால்காரர் காசிலிங்கம். ரிட்டயரு ஆயிட்டாலும் யாரு எங்க போறாங்கன்னு தெரிஞ்சுக்கலைன்னா அவருக்குச் சோறு எறங்காது. வேன் கெளம்புற நேரமாப் பாத்து, "எங்க போறீங்க?"ன்னு கேட்டாரு பாருங்க, ஆணியடிச்ச மாதிரி நின்னு போச்சு. கெளம்புறவங்களை எங்கன்னு கேக்கலாமா? எல்லாரும் எறங்கி, வீட்டுக்குள்ள போயி, உக்காந்து, ஆளுக்கொரு வாய் தண்ணி குடிச்சு, மறுபடி கெளம்புனாத்தான் வண்டி நகந்துச்சு. அதுவும் ஒரு தரமா ரெண்டு தரமா, ஒரே காலையில மூணு தரம் கேட்டாரு மனுசன். பெறகுதான் தெருமுனையில போர்டு வச்சோம்: 'எங்கே என்று கேட்காதீர். தூரமா என்று கேட்கவும்.' காசிலிங்கம் அதைப் படிச்சுட்டு, "யாரு வச்சது இதை, எங்க எழுதுனாங்க?"ன்னு கேட்டாரு.

சொல்றவங்களைப் பொறுத்துத்தான் தூரம்ங்கிறதும் போகப் போகத் தெரிஞ்சுச்சு. கடைசித் தம்பி சம்சாரம் ஜோதிமணி போனைப் பாத்துக்கிட்டே "ம், போயிட்டு வாங்க"ன்னா, வேன் டீக்கடை வரைக்கும் போயிட்டு நின்னுச்சு. நான் சொன்னதுக்கு பைபாஸ் வரைக்கும் போச்சு, எனக்கே கொஞ்சம் பெருமைதான். பூரணம் சொன்னா மட்டுந்தான் போற எடத்துக்குப் போயி, வேலை முடிச்சு, வாசலுக்கு வந்து சேரும். வாசல்ல நிக்கிறவ மனசுல 'இவங்க திரும்பி வரணுமே'ங்கிற நெனப்பு எத்தனை லிட்டர் இருக்கோ அத்தனை தூரம்.

ஊரே மாறிப்போச்சு. சட்டையை மாட்டிக்கிட்டுக் கள்ளப்பூனையாட்டம் நழுவுற புருசனுகள்லாம் நின்னு சொல்லிக்கிட்டுப் போக ஆரம்பிச்சானுக, பொண்டாட்டிமாரு சீரியலை விட்டுட்டு வாசலுக்கு வந்தாங்க. பைக்குக்குச் சொன்னாக்கூட கூடுதலா ரெண்டு கிலோமீட்டர் ஓடுதுன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு, அதை நான் நம்பல, ஆனா என் மகன் கெளம்பும்போது சொல்லி அனுப்பாம இருந்ததுமில்ல. வண்டியைச் சோதிக்க வந்த ஆபீசரு, எரிபொருள்ங்கிற எடத்துல என்ன எழுதுறதுன்னு பேனாவைக் கடிச்சுக்கிட்டு நின்னு, விசயத்தைப் பூராவும் கேட்டுட்டு, 'இதர'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, வீட்டுக்குப் போன் பண்ணி நாலு நிமிசம் பேசுனாரு. பங்க்கு மொதலாளியே வந்தாரு. சண்டைக்கு வந்துட்டாருன்னு நெனச்சோம். அவரு மக சென்னைக்கு வேலைக்குப் போகுதாம், பூரணம் வந்து வாசல்ல நின்னு சொல்லணுமாம். பூரணம், "நான் சொன்னா எப்படிண்ணே செல்லும்? யாரு காத்துக்கிட்டு இருக்கப்போறாங்களோ அவங்கதான் சொல்லணும். நீங்க நில்லுங்க"ன்னுட்டா. அந்த மனுசன் ரோட்டுல நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டதை நான் பாத்தேன்.

ஆவணி ஒண்ணாந்தேதி மதுரைக்காரர் வந்து, "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?"னு கடைசியா ஒரு தரம் கேட்டாரு. சொன்னோம். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

எல்லாருக்கும் சந்தோசம். பூரணத்துக்கும் மொதல்ல சந்தோசந்தான். மகராசி, லட்சுமி, குடும்பத்தைத் தாங்குற தூணுன்னு ஆளாளுக்குப் புகழுறாங்க, யாருக்குத்தான் கசக்கும். ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போறதாப் பேச்சு வந்துச்சு. பூரணம் மெதுவா, "இந்த வாட்டி நானும் வரட்டுமா?"ன்னு கேட்டா. கதிரேசன் சிரிச்சுக்கிட்டே, "என்ன மதினி, டீசலை யாராச்சும் சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாங்களா?"ன்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, அண்ணாச்சியும் சிரிச்சாரு.

அன்னைக்கு மில்லுக்கு வந்தவ அரிசியைக் கீழ வைக்கவேயில்ல. "முன்னாடி வீட்டுக்குப் பூட்டா இருந்தேன் தனமக்கா. இப்ப வண்டிக்கு டேங்கா ஆயிட்டேன். முன்னாடியாச்சும் அடுத்த வாட்டின்னு ஒண்ணு இருந்துச்சு." சொல்லிட்டு அழுதா. அவ சிரிக்காம இருந்து நான் பாத்தது அதுதான் மொதத் தரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வேனை மில்லுல போட்டு அரைச்சிருப்பேன். "ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? போய் ஏறி உக்காரு. அது என்ன எழுதியிருக்கு வண்டியில? எல்லாரும் வாங்க. நீ எல்லாருல சேத்தியில்லையா?"ன்னு கத்திப்புட்டேன்.

திருவிழாவுக்குக் கெளம்புற நாள், காலையில ஏழு மணி. பதினேழு பேரும் வெளிய வந்து பாத்தா, பூரணம் கத்திரிப்பூக் கலர் பட்டைக் கட்டி, தலை நெறையப் பூ வச்சு, தூக்குச்சட்டியை மடியில வச்சுக்கிட்டு, பதினெட்டாவது சீட்டுல ஜன்னலோரமா உக்காந்திருக்கா. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே எல்லாரும் ஏறுனாங்க. அண்ணாச்சி சாவியைத் திருப்புனாரு. ம்ஹூம்.

"அக்கா, எறங்கிச் சொல்லிட்டு ஏறிக்கங்க"ன்னா ஜோதிமணி. பூரணம் எறங்குனா, படியில நின்னு சொன்னா, வண்டி உறுமுச்சு, அவ ஓடிவந்து ஏறி உக்காந்தா, அணைஞ்சு போச்சு. வாசல்ல நிக்க ஆளில்லாம சொன்ன சொல்லு எப்படிச் செல்லும்? கதிரேசன் மக எறங்கிச் சொல்லிப் பாத்தா, அசையல. நான் ரோட்டைத் தாண்டிப் போயி சொன்னேன், நாலு அடி நகந்து நின்னுச்சு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. இருபத்தாறு வருசமா எதிர்க்க எதிர்க்க இருக்கோம், நான் பூரணத்துக்குப் போயிட்டு வான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு மட்டுமில்ல, தெருவுல ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் இல்ல. அவ எங்கயாச்சும் போயிருந்தாத்தான!

தெரு பூராவும் கூடிருச்சு. அண்ணாச்சி கண்ணாடி வழியாப் பின்னாடி பாத்து, "பூரணம், சாமி காத்துக்கிட்டு இருக்கு, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இந்த ஒரு தரம் எறங்கிக்க. அடுத்த வாட்டி..."ன்னு ஆரம்பிச்சாரு.

"அடுத்த வாட்டி தீந்து போச்சுங்க"ன்னா பூரணம். கோவமாச் சொல்லல. டப்பாவுல சீனி தீந்து போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

அண்ணாச்சி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தாரு. பெறகு கதவைத் தெறந்து எறங்கி, கூட்டத்துல நின்ன செபஸ்தியானைக் கூப்பிட்டு, சாவியை அவரு கையில குடுத்தாரு. "நீ ஓட்டு. வீட்டுக்குத்தான் பூட்டில்லையே, நான் இருக்கேன்"னு சொல்லிட்டு நேரா வாசப்படியில போய் நின்னாரு. அந்தப் படியில அவரு நின்னு நான் பாத்ததில்ல. கையை எங்க வைக்கிறதுன்னே அவருக்குத் தெரியல, முந்தானை இல்லாததால வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டாரு.

"சொல்லுங்க அண்ணாச்சி"ன்னு தெருவே கத்துச்சு.

அவரு தொண்டையைச் செருமுனாரு. வாயைத் தெறந்தாரு. பதிமூணு வருசமா வாரேன் வாரேன்னே சொல்லிப் பழகுன நாக்கு, பதட்டத்துல வேற என்னத்தையோ பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துருச்சு. "பூரணம்... எங்க போற?"

ஐயோன்னு தெருவே தலையில கையை வச்சுச்சு. காசிலிங்கம்தான் மொத ஆளா, "அண்ணாச்சி! போர்டு வச்சிருக்குல்ல! எங்கன்னு கேக்கலாமா?"ன்னு குதிச்சாரு. எறங்கு, உள்ள போ, உக்காரு, தண்ணி குடி. பதினேழு பேரும் செபஸ்தியானும் தண்ணி குடிச்சுட்டு வந்து ஏறுனாங்க. அண்ணாச்சி மறுபடி வேட்டி நுனியைப் பிடிச்சாரு.

"பூரணம்... மத்தியானம் எனக்குச் சோறு?"

வேன் படபடன்னு ஒரு குலுக்கு குலுக்குச்சு, அடிக்க வந்த மாதிரி. பூரணம் ஜன்னல் வழியா, "அடுப்படித் தட்டுல ஒங்களுக்குத் தனியா டப்பாவுல வச்சிருக்கேன். உப்புச் சாடிக்குப் பக்கத்துல"ன்னா.

அந்தப் பதிலைக் கேட்டதும் அவருக்கு என்னமோ ஆகிப்போச்சு. இத்தனை நடந்தும் தனக்குன்னு ஒரு டப்பா வச்சிருக்காளேன்னு நெனச்சாரோ, இவ இல்லாத வீட்டுக்குள்ள திரும்பிப் போகணுமேன்னு நெனச்சாரோ, அவரு மூஞ்சி சின்னப்பிள்ளை மூஞ்சியாட்டம் கோணிருச்சு. படியை விட்டு எறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தெருவுல யாருமே இல்லாத மாதிரி சொன்னாரு. "போயிட்டு வா பூரணம். நல்லாப் பாத்துட்டு வா. ஆனா சீக்கிரம் வந்துரு, என்ன? நீ இல்லாம எனக்கு இந்த வீட்டுல ஒண்ணும் தெரியாது."

செபஸ்தியான் சாவியை இன்னும் தொடவேயில்ல, வேன் அதுபாட்டுக்கு எந்திரிச்சுச்சு. எஞ்சின் சத்தமா அது, கோயில் மேளம்! முள்ளு மேல ஏறி, நெறைஞ்சு, அதுக்கும் மேல போக எடமில்லாம நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. "போயிட்டு வாரேங்க"ன்னா பூரணம். வாழ்க்கையில அவ சொன்ன மொத வாரேன். அதுக்கப்புறம் நாங்க சும்மா இருப்பமா, "போயிட்டு வா பூரணம்"னு தெருவே கத்துனோம். நான் கத்துன கத்துல ரெண்டு நாளு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வேன் வேம்படியை விட்டுக் கெளம்புன வேகத்துல மில்லு வாசல்ல நான் காயப்போட்டிருந்த வத்தல் பூராவும் பறந்து போச்சு. போகட்டும்னு விட்டேன்.

அன்னைக்குப் பூராவும் அண்ணாச்சி வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாரு. மத்தியானம் ஒரு பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு மில்லுக்கு வந்தாரு. "டப்பாவை எடுக்கப் போனேன் தனம். இது என்ன மண்ணு, உப்புச் சாடிக்குப் பின்னாடி வச்சிருக்கா?"ன்னு கேட்டாரு. சொன்னேன். ஒண்ணையும் மறைக்காம, பதிமூணு வருசத்தையும் சொன்னேன். அவரு திரும்பித் தன் வாசலுக்குப் போனாரு. படியிலயே உக்காந்தாரு, பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு. டீ கொண்டுபோய்க் குடுத்தேன், ஆறிப்போச்சு. "வாசல்ல நிக்கிறது இம்புட்டு நேரமாவா இருக்கும்?"னு மட்டும் ஒரு தரம் கேட்டாரு. ஆமான்னேன்.

சாயங்காலம் விளக்கேத்துற நேரத்துக்கு வேன் தெருமுனையில திரும்புச்சு. செபஸ்தியான்தான் மொதல்ல எறங்குனாரு, "முள்ளு இன்னும் எறங்கவே இல்ல அண்ணாச்சி, இது தீபாவளி வரைக்கும் ஓடும்"னு கத்திக்கிட்டே. பதிமூணு வருசமாச் சொல்லாம சேத்து வச்ச சொல்லுல்ல, அம்புட்டு சீக்கிரமா தீரும்! பின்னாடி பூரணம் எறங்குனா. பட்டுச் சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு உப்புப் பூத்துக் கெடக்கு, பூவெல்லாம் காத்துல போச்சு, காலு ரெண்டும் மணலு, மூஞ்சி பூராவும் சிரிப்பு. அண்ணாச்சி படியிலருந்து எந்திரிச்சு, அந்தப் பாட்டிலை அவ முன்னாடி நீட்டுனாரு.

பூரணம் அதை வாங்கி, ஒரு பார்வை பாத்து, "இது எதுக்கு இனிமே"ன்னு வேம்பு மூட்டுல கொட்டுனா. பெறகு ஈரக்கையை முந்தானையில தொடச்சுக்கிட்டே படியில ஏறிப்போயி, தலையை மட்டும் வெளிய நீட்டிச் சொன்னா:

"அடுத்த வாட்டி நீங்களும் வாங்க."

தெருவே சிரிச்ச சிரிப்புல காசிலிங்கத்துக்குப் பொறையேறிருச்சு. அண்ணாச்சியும் சிரிச்சாரு, கண்ணைத் தொடச்சாரு, மறுநா காலையில மொத வேலையா கடைவீதிக்குப் போயி அந்த வீட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வந்தாரு. சாவி ரெண்டு. ஒண்ணு அவங்ககிட்ட இருக்கு, இன்னொண்ணு இந்தா, என் இடுப்புல இருக்கு.